கட்டி தட்டாத கஞ்சி

கஞ்சி காய்ச்சுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை, மேடம். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, அதைத்தான் கொதிக்கிற தண்ணீரில் ஊற்ற வேண்டும். பலபேர் மாவை நேராக வெந்நீரில் கொட்டிவிட்டு, கட்டி தட்டிவிட்டது என்று அடுப்பைத் திட்டுகிறார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட நான் கட்டி தட்டவிட்டதில்லை. எங்கள் சர்ச் சபையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். விடியற்காலையில் எழுந்து பெண்டாட்டிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிற ஆம்பிளை என்று என்னைக் காட்டித்தான் மற்ற வீடுகளில் சண்டையே நடக்கும்.

நீங்கள் கேட்டது அதில்லை என்று தெரியும். சாலோமி எப்படி இறந்தாள் என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் கஞ்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வக்கீல் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். என்னை இங்கே யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஏட்டையா அதையும் எழுதிக்கொள்ளட்டும். நான் ஒழுங்கை விரும்புகிறவன். இந்த மேசையில் டீ கிளாஸ் வைத்த வட்டங்கள் காய்ந்து கிடப்பதைக்கூட வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் பெயர் ஹெப்ரான். வயது முப்பத்தேழு. பாளையங்கோட்டையில் அப்பா வைத்துவிட்டுப் போன மருந்துக்கடையை நடத்துகிறேன். வீட்டில் அம்மா பாக்கியவதி, ஓய்வுபெற்ற டீச்சர். சாலோமி வள்ளியூர்ப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையின் உபதேசியார் ஜேசுதாசனுக்கு ஒரே மகள். தமிழ்நாட்டுக் கபடி அணியில் ஏழு வருஷம் ஆடியவள். பாடிக்கொண்டே எதிர்க்களத்துக்குள் போய் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற ரெய்டர். இருபத்தேழு வயதில் முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவைசிகிச்சை நடந்தது. விளையாட்டு அதோடு முடிந்தது என்று சொல்லித்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். அந்த வார்த்தையை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் விளையாட்டு வீராங்கனையைக் கட்டவில்லை. விளையாட்டை விட்ட ஒரு பெண்ணைத்தான் கட்டினேன்.

இன்றைக்கு எதையும் மறைக்கப் போவதில்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவள் உடம்பு எனக்கு ஆரம்பத்திலிருந்தே அருவருப்பாகத்தான் இருந்தது. முகம் நல்ல முகம். பெண் பார்க்கும்போது முகத்தைத்தானே பார்க்கிறோம். பட்டுச்சேலையும் முழுக்கை ரவிக்கையுமாகக் கோவிலில் நின்றபோதும் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் நைட்டியோடு நடமாடியபோதுதான் அந்தத் தோள்களைப் பார்த்தேன். முழங்கைத் தோல் கறுத்துத் தடித்திருக்கும். முழங்கால் முழுக்கத் தழும்பு. கால் கட்டைவிரல் ஒன்றில் நகமே கிடையாது. சிலிண்டர் வந்தால் கொண்டுவந்த ஆளை வாசலிலேயே அனுப்பிவிட்டு, அவளே ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போவாள். அம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள். நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். நீங்களும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர் என்று ஏட்டையா வெளியே சொன்னார். கைப்பந்து என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சிலருக்குப் பல்லியைக் கண்டால் ஆகாது, அது மாதிரி இது என் சுபாவம். அதை நான் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

முதல் இரண்டு வருஷம் வீட்டில்தான் இருந்தாள். சும்மா இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. துவைத்த துணியைத் திரும்பவும் துவைப்பாள். மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பாள். பதிமூன்று வருஷமாக விசில் சத்தத்துக்கு எழுந்து விசில் சத்தத்துக்குத் தூங்கியவளுக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாது. அவளோடு ஆடியவர்களில் சிலருக்கு ரயில்வேயிலும் போலீசிலும் வேலை கிடைத்திருந்தது. இவளுக்கு அழைப்பு வந்த வருஷம் காலில் கட்டோடு படுத்திருந்தாள். அது அவளுடைய துரதிர்ஷ்டம், அதில் எனக்குப் பங்கில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அஃப்ரா வந்தாள். மேலப்பாளையத்துப் பெண், அதே அணியில் ஆடியவள், இப்போது ஜங்ஷனில் ரயில்வே வேலை. கையில் ஒரு விண்ணப்பத் தாளோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, இன்னும் எத்தன நாளைக்கு இங்கனக்குள்ளயே கெடக்கப் போற? கோச் படிப்புக்கு ஆள் எடுக்கான். ஒரு வருசம் வடக்க போயிப் படிச்சிட்டு வந்தியன்னா அரசாங்க விளையாட்டு விடுதில வேல. ஒனக்கு ரெண்டு வருசந்தான் இருக்கு, அதுக்கப்புறம் வயசு தாண்டிரும்."

"ஓட்டத் தேர்வு வைப்பானே. முழங்காலு?"

"முழங்காலுக்கு என்ன? நேரத்துக்குள்ள ஓடி முடிச்சிட்டா சீட்டு ஒனக்குத்தான். ஒங்கிட்ட இருக்க மெடலு இந்த ஜில்லாவுல எவகிட்ட இருக்கு?" அஃப்ரா என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"தாராளமாப் போட்டும்," என்றேன். நாலு பேர் முன்னால் நான் வேறென்ன சொல்ல முடியும்? சாலோமி அன்றைக்குப் பிள்ளை மாதிரி அழுதாள். அஃப்ரா போன பிறகு என்னிடம் வந்து சொன்னாள்: "பதினாலு வயசுலேருந்து எனக்கு இது ஒண்ணுதாங்க தெரியும். வேற எதுலயும் நான் ஒண்ணுங் கெடயாது. சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தா அதுவே எனக்குப் போதும்." நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். என்னோடு இருப்பதில் அவள் ஒன்றும் இல்லாதவளாக இருந்தாள் என்பதுதான் அதன் அர்த்தம். அவளுக்கு அது உறைக்கவில்லை.

மறுநாளே விடியற்காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தாள். நான் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தேன். கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை எல்லாவற்றையும் நானே வறுத்து, நானே மில்லுக்குக் கொண்டுபோய்த் திரித்துவந்து ஒரு டின்னில் வைத்தேன். முதல் ஆறு மாதம் அந்த டின்னில் வெறும் மாவுதான் இருந்தது. இதை நீங்கள் நம்பியே ஆக வேண்டும். அவள் திரும்பி வரும்போது பனியன் முதுகோடு ஒட்டியிருக்கும், வலிக்கு அடித்த ஸ்ப்ரேயும் வேர்வையும் கலந்த ஒரு வீச்சம் அடிக்கும். அந்தக் கோலத்தில் நின்றபடியே டம்ளரை அண்ணாந்து மடமடவென்று குடிப்பாள். தொண்டை ஏறி இறங்கும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஆறாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் என் கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. நான் தூக்கிப் பார்க்கிறேன், அசையவில்லை. மருந்து வாங்க இரண்டு பேர் நிற்கிறார்கள். மைதானத்திலிருந்து வருகிற வழியில் சாலோமி பார்த்துவிட்டாள். "விலகுங்க," என்று என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு ஒரே தூக்கு. ஷட்டர் மேலே போய் இடித்தது. அவள் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்து இரும்புக்கடை ஆவுடைநாயகம் அண்ணாச்சி பல் குத்திக்கொண்டே சொன்னார்: "ஹெப்ரான், வீட்டுக்குள்ள கபடி நடந்தா யாரு வே செயிப்பா?"

நின்றிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவருக்கு இருமல் மருந்தும் இன்னொருவருக்குச் சர்க்கரை மாத்திரையும் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு மத்தியானம் கடையைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போகும்போது ஒரு அட்டை மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அது என்ன மாத்திரை என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. ஸ்டீராய்டு. சின்ன வெள்ளை மாத்திரை, வாயில் போட்டால் பெரிதாக ருசியும் இல்லை. மாதத்துக்கு நாலுபேராவது என் கடைக்கு வந்து, கல்யாணத்துக்குப் பெண் ஒல்லியாக இருக்கிறாள், கன்னத்தில் சதை பிடிக்க ஒரு மாத்திரை கொடுங்கள் என்று கேட்பார்கள். நான் கொடுத்ததே இல்லை. மருத்துவர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கொடுக்கப்படாது என்று கடை வாசலில் தட்டி மாட்டியிருக்கிறேன், போகும்போது பாருங்கள். கன்னம் உப்பும், ஆனால் உள்ளே தசை கரையும், எலும்பு மெலியும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். படிக்காதவர்களுக்கு அது தெரியாது. தெரிந்த நான் அதை விற்பது பாவம்.

நான் நினைத்தது தேர்வு வரைக்கும்தான். நாலு மாதம். அவள் ஒரு தடவை தோற்றுவிட்டால் அவளே விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். யாரையும் திட்டாமல், அடிக்காமல், போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு பெண்ணை வீட்டோடு இருக்கவைக்க இதைவிட அமைதியான வழி எனக்குத் தெரியவில்லை. என் மாமா ஒருவர் மாமியைப் பெல்ட்டால் அடிப்பார். எங்கள் வீட்டில் குரல் உயர்ந்ததே இல்லை.

இரண்டாவது மாதத்திலேயே முகம் உருண்டுவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். "இப்பத்தான் குடும்பப் பொம்பள மாரி இருக்க," என்றார்கள். எனக்கும் அப்போது பிடித்திருந்தது. தோள் எலும்பெல்லாம் மறைந்து, கொஞ்சம் மெதுவாக நடந்தாள். அந்த ஒரு மாதம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்று சொல்லலாம்.

தேர்வில் தோற்றாள். ஓட்டத்தை நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. திரும்பி வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வெளியே வந்து கேட்டாள்: "தெனமும் ஓடுதேன், சோத்தப் பாதியாக் கொறச்சிட்டேன். பெறவும் எப்பிடிங்க ஒடம்பு வைக்கி?"

"விளையாட்ட விட்டவங்களுக்கு அப்பிடித்தான். எல்லாரும் சொல்லுதாங்கள்லா."

எல்லாரும் சொல்லத்தான் செய்தார்கள். அம்மா சொன்னாள், குருவானவர் சொன்னார், அவளோடு ஆடிய பெண்கள் ஃபோனில் சொன்னார்கள். ஓய்ந்த பிறகு எந்த விளையாட்டுக்காரிக்கும் உடம்பு போடத்தான் செய்யும் என்று அஃப்ராவே சொன்னாள். தன்னுடைய படத்தைக் காட்டி, எனக்கும்தான் பத்து கிலோ ஏறியது என்றாள். நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, மேடம். ஊரே எனக்காகச் சொன்னது.

அவள் விடவில்லை. அதுதான் நான் போட்ட கணக்கில் தப்பு. அடுத்த வருஷம் இன்னொரு வாய்ப்பு இருக்கிறதே என்று மறுநாளே மைதானத்துக்குக் கிளம்பினாள். சோற்றை அடியோடு நிறுத்தினாள். புட்டை நிறுத்தினாள், சீனியை நிறுத்தினாள், ஞாயிற்றுக்கிழமைக் கறியை நிறுத்தினாள். "காலைல கஞ்சி ஒண்ணு போதுங்க, அதுலதான் சத்து இருக்கு," என்றாள். விளையாட்டுக்காரர்களின் குணம் அது. எதை நம்புகிறார்களோ அதை ஒருநாள்கூடத் தவறவிட மாட்டார்கள். நான் மாத்திரையைத் தனியாகப் பொடித்துப் போடுவதை விட்டு, மாவிலேயே கலந்து வைத்தேன். சரக்கெடுக்க நான் மதுரைக்குப் போகிற நாட்களில் அம்மா காய்ச்சிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கப் போகிறீர்கள். நியாயமான கேள்வி. அந்த மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துபோயிருக்கும். நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. அதனால்தான் தொடர்ந்து கொடுத்தேன். அதில் இருந்த அக்கறையை நீங்கள் பார்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். குறைத்தால் அவள் ஓடி ஜெயித்துவிடுவாள்.

கடைசி ஆறு மாதம் அவளைப் பார்க்கவே முடியவில்லை. முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. பிடரிக்குக் கீழே ஒரு சதைத் திரட்சி. வயிற்றில் ஊதா நிறத்தில் கோடு கோடாகப் பிளந்திருந்தது. தாடையில் முடி முளைத்து, என் ரேசரை எடுத்து மழித்துக்கொண்டாள். அதைக் கண்ட அன்று அந்த ரேசரைக் குப்பையில் போட்டேன். ஆனால் கையும் காலும் மட்டும் குச்சியாகிவிட்டன. சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அப்போதும் நான் எழுந்து வேறு அறைக்குத்தான் போனேன். முதுகுவலி என்று சொல்லி நான் வெளி அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டேன்.

"என்னப் பாத்தா ஒங்களுக்கு அசிங்கமா இருக்காங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சே. என்ன பேச்சு இது," என்றேன். அவள் மனதை நோகடிக்க நான் விரும்பவில்லை.

இந்த வருஷம் ஜனவரியில் மதுரையில் பத்து நாள் பயிற்சி முகாம். கஞ்சி மாவை டப்பாவில் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்: "அங்கன ஒரு பிசியோ அக்கா என்னத் தனியாக் கூப்பிட்டு, ஸ்டீராய்டு ஏதும் எடுக்கியான்னு கேட்டாங்க. இது விளையாட்ட விட்ட ஒடம்பு மாரித் தெரியலன்னாங்க."

"கோச் ஆக வாரவங்க எல்லாரையும் அப்பிடித்தான் கேப்பாங்க. ஊக்கமருந்துப் பயம்."

"அப்பிடியா," என்றாள். எப்போதும் நான்தான் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவுவேன். அன்றைக்கு அவளே கழுவினாள்.

மார்ச்சில் லெந்து காலம் தொடங்கியது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் எங்களில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிடுவோம். அம்மா காப்பியை விடுவாள். நான் கறியை விடுவேன். முதல் நாளான சாம்பல் புதன் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சாலோமி சொன்னாள்: "இந்த லெந்துக்கு நான் கஞ்சிய விடுதேன்."

அம்மா சிரித்துவிட்டாள். "கறி மீன விடுவாவ, பூ வைக்கத விடுவாவ. கஞ்சிய விடுத கூத்த இப்பத்தான் கேக்கேன்."

"எனக்குப் புடிச்சது அதுதான அத்தை. புடிச்சதத்தான விடணும்."

என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். என் கண் கலங்கிவிட்டது. நான் காய்ச்சிக் கொடுத்ததை அவள் அவ்வளவு பெரிதாக மதித்திருக்கிறாள்.

அந்த நிமிஷத்திலேயே எனக்குத் தெரியும், மேடம். இதை நான் மறைக்கவில்லை. பதினான்கு மாதம் உள்ளே போனது ஒரே நாளில் நிற்கிறது என்றால் என்ன ஆகும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். வேறு எதிலாவது கலக்கலாமா என்று யோசித்தேன். காப்பியில் கலக்கலாம் என்றால் அன்றிலிருந்து அவளே தனக்குத் தனியாகப் போட்டுக்கொண்டாள். மீன்குழம்பில் கலக்கலாம் என்றால் அம்மாவும் அதைத்தான் சாப்பிடுகிறாள், அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் கடை போய்விடும், சபையில் தலைகாட்ட முடியாது, அம்மா படுத்துவிடுவாள். ஒருத்திக்காக எத்தனை பேரைக் கஷ்டப்படுத்துவது?

முதல் வாரம் மூன்று கிலோ குறைந்தது. மளிகைக்கடைத் தராசில் நின்று பார்த்துவிட்டு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். ஈஸ்டர் கழிந்து பத்தாம் நாள் தேர்வு, இந்தத் தடவை ஓடிவிடுவேன் என்றாள். இரண்டாவது வாரம் படுக்கையிலிருந்து எழவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. வாந்தி எடுத்தாள். உபவாசக் களைப்பு என்று அம்மா சொன்னாள். வாந்தியை நான்தான் டெட்டால் ஊற்றித் துடைத்தேன், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு. அதோடும் அவள் மைதானத்துக்குப் போனாள். மூன்றாவது வாரம் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. அதோடும் போனாள். வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஓடுபாதையில் விழுந்துவிட்டாள் என்று காவலாளி ஃபோன் செய்தார். நான் போய்ச் சேருவதற்குள், அன்றைக்கு மைதானத்துக்கு வந்திருந்த அஃப்ரா ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள்.

டாக்டர் தேவேந்திரன் சின்ன வயதுக்காரர், ஆனால் கெட்டிக்காரர். இரண்டு கையிலும் சலைன் ஏறிக்கொண்டிருந்தது, அழுத்தம் ஏறவில்லை. அவர் அவள் முகத்தையும் வயிற்றுக் கோடுகளையும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"சார், இவங்க வேற மருந்து எதுவும் சாப்பிட்டுட்டு இருந்தாங்களா? ஸ்டீராய்டு, நாட்டுமருந்து, ஒடம்பு கூட்டுற பவுடர், அந்த மாதிரி? யோசிச்சுச் சொல்லுங்க. இருந்துச்சுன்னா இப்பவே ஒரு ஊசி போட்டுரலாம். அது ரொம்ப முக்கியம்."

"ஒண்ணும் கெடயாது சார். நான் மருந்துக்கட வச்சிருக்கேன். எனக்குத் தெரியாம எங்க வீட்டுல ஒரு மாத்திர உள்ள போவாது."

மருந்துக்கடைக்காரன் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. அவர் தலையாட்டிவிட்டு, கிருமித்தொற்று என்று எடுத்துக்கொண்டு அதற்கான மருந்தைப் பார்க்கப் போனார். அவர் சொன்ன அந்த ஊசி என் கடையில் ஐந்து இருந்தது. மத்தியானம் இரண்டே காலுக்கு சாலோமி இறந்துபோனாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகவில்லை என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடந்தது. சந்தேகம் இல்லை என்று என் மாமனார்தான் முதலில் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எம்மவள நீங்க ராணி மாரி வச்சிருந்தீய மாப்ள," என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மாவில் மாத்திரை கலந்தது நான். அவள் நிறுத்தியபோது என்ன ஆகும் என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான். ஆஸ்பத்திரியில் கேட்டபோது இல்லை என்றதும் நான்தான். இந்த மூன்றிலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இன்று காலையில் நீங்கள் படித்துக் காட்டிய அஃப்ராவின் வாக்குமூலத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது. சாம்பல் புதனுக்கு முந்தின நாள் சாலோமி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கஞ்சி மாவைக் கொண்டுவந்து கொடுத்தாளாம். "இத எங்கயாவது குடுத்துப் பரிசோதிச்சுப் பாரு. நான் தப்பா நெனச்சிருந்தா கர்த்தர் என்ன மன்னிக்கட்டும்," என்றாளாம். முடிவு வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதாம், அதற்குள் அடக்கமே முடிந்துவிட்டதாம். பாட்டிலில் இருந்தது என் மாவுதான், அதை நான் மறுக்கவில்லை. அந்த வார்த்தைகள்தான் பொய். அஃப்ராவுக்கு என்னை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. தோழி ருசி பார்க்கட்டும் என்றுதான் சாலோமி கொடுத்திருப்பாள். அவள் என்னைச் சந்தேகப்பட்டவளே இல்லை.

அதற்கு என்னிடம் அத்தாட்சி இருக்கிறது. டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது சாலோமிக்கு நினைவு இருந்தது. வாயைத் திறந்தாள், குரல்தான் வரவில்லை. உடனே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் குச்சிக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நகம் நாலும் பதிந்துவிட்டது, இதோ இன்னும் காயவில்லை பாருங்கள். கண்ணை இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கிடையாது என்று நான் சொல்லி முடித்த பிறகுதான் பிடியை விட்டாள். கட்டின புருஷனைச் சந்தேகப்படுகிற ஒருத்தி அவன் கையை அப்படியா பிடிப்பாள், மேடம்?